வெறுங்கை காட்டும் வேலை

சென்னையில் நான் தேத்தண்ணி குடிப்பதை வேடிக்கை பார்க்கத் தினமும் யாராவது ஒருவர் நின்றுவிடுகிறார். வேலை செய்யும் மருத்துவக் கல்லூரியின் வாசலில் ஒரு டீக்கடை இருக்கிறது. பால் வேண்டாம், சீனி வேண்டாம், வெறும் சாயத்தை மட்டும் ஊற்றுங்கள் என்பேன். சட்டைப் பையிலிருந்து கருப்பட்டித் துண்டை எடுத்து இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஒரு கடி, ஒரு மிடறு என்று குடிப்பேன். மாத்தளையில் இதை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? சிங்களவர், சோனக முஸ்லிம்கள், தோட்டத்து ஆட்கள் எல்லோரும் அப்படித்தானே குடிக்கிறோம். இங்கே கடைக்காரர், "என்ன சார், வயித்துக்கு முடியலையா, கஷாயமா?" என்று கேட்டார். இல்லை, எங்கள் ஊர்ப் பழக்கம் என்றேன். "எந்த ஊரு?" மாத்தளை, பலாபத்வலைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம் என்றேன். "அப்ப சிலோன்காரரா? தமிழ் நல்லா பேசுறீங்களே, எங்க கத்துக்கிட்டீங்க?" என்றார்.

எங்கே கற்றுக்கொண்டேனாம். என் தாத்தாவின் அப்பாவை இந்த ஊர்ப் பக்கத்திலிருந்துதான் ஆள்கட்டிக்கொண்டு போனார்கள். அவர் வாயிலிருந்த தமிழ்தான் என் வாயிலும் இருக்கிறது. இதை அவருக்குச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த ஆளுக்கு டீ ஆற்றப் போய்விட்டார். போகட்டும், அவர் மேல் எனக்குக் கோபமில்லை. மாத்தளை பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்துக் கள்ளத்தோணி, இந்தியாவுக்குப் போ என்று கத்தியவன் மேல்கூட இப்போது அவ்வளவு கோபமில்லை. அங்கே நான் இந்தியாக்காரன், இங்கே சிலோன்காரன். இரண்டு நாட்டுப் பெரியவர்களும் ஒரு மேசையில் உட்கார்ந்து, உனக்கு இத்தனை பேர், எனக்கு இத்தனை பேர் என்று எங்களைப் பங்கு போட்டார்களே, அந்த மேசையை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. மாட்டைப் பிரிக்கும்போதுகூடத் தாயையும் கன்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் எனக்கு இந்தியா முதலில் வந்தது. கூடப்பிறந்து என்னை வளர்த்த பாக்கியம் அக்கா, புருஷன் வீட்டுப் பதிவில் இருந்ததால் அவருக்கு அழைப்பு வரவில்லை. புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகியும் பதிவு மட்டும் அந்த வீட்டிலேயே இருந்தது. நான் கப்பலேறினேன், அக்கா தோட்டத்து வரிசை வீடான அந்த லயத்து அறையில் தனியே நின்றுவிட்டார்.

மண்டபம் முகாமில் இறங்கியவர்களை நீலகிரிக்கு, நூல் ஆலைக்கு என்று கண்ட திசைக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எனக்கு இந்தக் கல்லூரியில், உடலியல் பிரிவின் விலங்குக் கூடத்தில், கூண்டு கழுவும் தற்காலிக வேலை கிடைத்தது. அக்கா வந்தால் என்னோடு இருக்க வேண்டும். அதற்கு, தங்க வைக்க இடம் இருக்கிறது என்று முகாமில் நான் காட்ட வேண்டும். இல்லையென்றால் எந்த மலைக்கோ எந்த ஆலைக்கோ அவரை ஏற்றிவிடுவார்கள். விலங்குக் கூடத்துக்குப் பின்னால் ஊழியர்களுக்கு ஓர் அறை காலியாக இருந்தது. வேலை நிரந்தரமானால் அறை எனக்கு. இந்த ஒன்றை நினைத்துக்கொண்டுதான் நான் குரங்குச் சாணியை அள்ளினேன்.

என் மேலதிகாரி டாக்டர் ராஜலட்சுமி, சின்ன வயதுக்காரர், காரியத்தில் கெட்டி. அவருடைய ஆராய்ச்சி சுட்டியின் தலைக்குள் நடந்தது. சுட்டி ஒரு பெண் குரங்கு. கூண்டில் வெறும் எண்தான் எழுதியிருந்தது, சுட்டி என்பது நான் வைத்த பெயர். அதன் மண்டையில் ஒரு சிறு மூடி பொருத்தியிருந்தார்கள். அதன் வழியே மயிரைவிட மெல்லிய கம்பி ஒன்று மூளைக்குள் இறங்கி, ஒரே ஒரு நரம்புச் செல்லின் பக்கத்தில் போய் நிற்கும். அந்தச் செல்லின் துடிப்பு ஒலிபெருக்கியில் கேட்கும். அடுப்பில் உப்பைத் தூவினால் வெடிக்குமே, அந்தச் சத்தம். சும்மா இருக்கும்போது ஒன்று, சற்று நின்று இன்னொன்று. குரங்குக்கு முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரியும், பிறகு வாயருகே இருக்கும் குழாயிலிருந்து சாத்துக்குடிச் சாறு சொட்டும். முதல் நாட்களில் சாறு நாக்கில் பட்டதும் அந்தச் செல் படபடவென்று வெடித்தது. விளக்கை அது சட்டை செய்யவே இல்லை.

நாள் போகப் போகக் கதை மாறியது. விளக்கு எரிந்தவுடனேயே படபடப்பு. சாறு சொட்டும்போது அதே பழைய நிதானம், ஒன்று, சற்று நின்று இன்னொன்று. "பாத்தியா முருகையா, சாறு அதேதான், குரங்கு அதேதான். ஆனா செல் தன்னோட ஃபயரிங்கை மாத்திக்கிச்சு. இப்ப அதுக்குச் சாறு செய்தி இல்ல, விளக்குதான் செய்தி" என்றார் டாக்டரம்மா. ஒருநாள் விளக்கை எரியவிட்டுச் சாற்றை நிறுத்தினார். சாறு வந்திருக்க வேண்டிய நேரத்தில் ஒலிபெருக்கி அப்படியே அடங்கிப்போனது. வழக்கமான அந்த ஒன்றிரண்டு வெடிப்புகூட இல்லை. எல்லாச் செல்லும் இப்படிச் செய்வதில்லை, இது செய்கிறது, ஏன் என்று தெரியவில்லை என்று அவர் சொன்னார். எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. அதை நான் முன்பே ஒரு மனிதரின் முகத்தில் பார்த்திருக்கிறேன்.

இலங்கை சுதந்திரம் அடைந்து சில வருடங்களுக்குப் பிறகு, நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். ஒரு காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் கோட்டுப் போட்ட ஒருவர் ஏறி நின்றார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் மனுப் போடலாம், இந்த நாட்டுப் பிரஜை ஆகிவிடலாம் என்றார். அக்காவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும். பல்லேகமவிலிருந்து கித்துள் பனையில் காய்ச்சிய கருப்பட்டி கொண்டுவரும் பண்டா மாமாவிடம் கடனுக்கு வாங்கி லயம் முழுக்கக் கிள்ளிக் கொடுத்தார். "இனிமே யாரும் நம்மள போன்னு சொல்ல முடியாது தம்பி" என்றார். பிறகு மாத்தளைக்கு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு போனார். அம்மா எங்கே பிறந்தார், அதற்குச் சாட்சி யார், அந்தச் சாட்சி எங்கே பிறந்தார் என்று கேட்டுவிட்டு, போய்ட்டு வாங்க, சொல்லி அனுப்புறோம் என்றார்கள். அடுத்த தடவை கூப்பிட்டபோது வேலைச் சேலையோடு போனார். அதற்கடுத்த தடவை போகும்போது, "கைய மட்டும் கழுவிக்கிறேன்" என்றார். எல்லாவற்றுக்கும் முடிவாக, இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

பிறகு இரண்டு நாடும் எங்களைப் பங்கு போட்ட அந்த ஒப்பந்தம் வந்தது. தொழிற்சங்கத்து வேன் ஒன்று பெரிய ரோட்டிலிருந்து தோட்டத்துக்குள் ஏறி வந்து, எல்லோருக்கும் ஏதாவது ஒரு நாடு உறுதி, இனி கவலை வேண்டாம் என்று ஒலிபெருக்கியில் முழங்கியது. ஆட்கள் மரங்களை விட்டு ஓடினார்கள். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மரத்தைச் சுற்றிக் கத்தியை இழுத்துக்கொண்டே, "மழ வரப்போகுது. மழ வந்தா பால் ஓடாது, இன்னைக்குப் பேர் விழாது, கூலி கெடையாது" என்றார். அக்கா, என்ன சொல்கிறார்கள் என்று கேட்போமே என்றேன். "நீ போய் கேளு" என்றார், அவ்வளவுதான். அக்கா மண்டு இல்லை. தோட்டத்திலேயே விவரமான பொம்பளை என்று கங்காணியே சொல்லுவார். அந்த விவரமான பொம்பளையைத்தான் இப்படி ஆக்கி வைத்தார்கள், கோட்டுப் போட்டவர்களும் வேனில் வந்தவர்களும்.

இப்போது என் தவறுக்கு வருகிறேன். தவறு என்று டாக்டரம்மா சொன்னார், நான் இன்னும் அப்படி நினைக்கவில்லை. சோதனைக்கு முன்னால் குரங்குக்குச் சாப்பாடு எதுவும் கொடுக்கக் கூடாது என்பது கட்டளை. நானும் கொடுத்ததில்லை. ஆனால் டீக்கடையில் வேடிக்கை பார்க்கிறார்களே என்று, சோதனைக்கு முந்திய தேத்தண்ணியை மட்டும் கூடத்துக்குள் கொண்டுவந்து சுட்டியின் கூண்டருகே குடிப்பேன். அது என் கையையே பார்த்துக்கொண்டிருக்கும். பார்த்துக்கொண்டிருக்கிற உயிருக்குக் கொடுக்காமல் கருப்பட்டியைக் கடிக்க எனக்குத் தெரியாது. எங்கள் லயத்தில் யாருக்கும் தெரியாது, நாய் பார்த்தால் நாய்க்கும் ஒரு கிள்ளு உண்டு. ஆகவே உள்ளங்கையை நீட்டுவேன், சுட்டி எடுத்துக்கொள்ளும். கருப்பட்டி சாப்பாடா என்ன? சாப்பாடு என்றால் சோறு. கருப்பட்டி தேத்தண்ணியோடு சேர்ந்தது.

ஒருநாள் சோதனை நடக்கும்போது தரையில் சிந்திய சாற்றைத் துடைக்க என்னைக் கூப்பிட்டார்கள். துணியை எடுக்க நான் கையை விரித்து நீட்டினேன். ஒலிபெருக்கி படபடவென்று வெடித்தது. விளக்கு எரியவே இல்லை. டாக்டரம்மா பெட்டிக்குப் போகும் கம்பியை ஆட்டிப் பார்த்தார், பெட்டியைத் தட்டிப் பார்த்தார், என்னை வெளியே போய் மறுபடி வரச் சொன்னார். வந்தேன், ஒன்றுமில்லை. "கைய நீட்டு" என்றார். நீட்டினேன், படபட. என் உள்ளங்கையைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"என்ன குடுக்கிற இதுக்கு?"

"ஒண்ணும் குடுக்கலைங்கம்மா. தேத்தண்ணிக்குக் கடிச்சுக்கிறது மட்டுந்தான்."

"கடிச்சுக்கிறதுன்னா?"

விளக்கினேன். அவருக்கு விளங்கவில்லை. "உங்க ஊர்ல குரங்குக்கெல்லாம் டீ குடுப்பீங்களா?" என்று கேட்டார். டீ எனக்கு, கருப்பட்டி அதற்கு என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. இத்தனை நாள் செய்த வேலையைக் கெடுத்துவிட்டாய், உன்னை நம்பி எப்படி வைத்துக்கொள்வது என்று சத்தம் போட்டார். அறை போயிற்று, அக்கா வருவதும் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் அவரே நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தார். யோசிக்க யோசிக்கக் கோபம் இறங்கிக் கண்கள் பளிச்சென்று ஆகின. விளக்கை அவர் கற்றுக்கொடுத்தார், கையை நான் கற்றுக்கொடுத்திருக்கிறேன். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாமாம்.

"முருகையா, நாளையிலேருந்து தினம் வந்து கைய நீட்டு. கையில ஒண்ணும் வைக்காத. வெறுங்கை. எத்தன தடவைக்கப்புறம் செல் உன் கைய மறக்குதுன்னு பாப்போம்."

"குடுக்காமயாம்மா?"

"குடுக்காமத்தான். இது முடியட்டும், உன் வேலைய நிரந்தரம் பண்ணச் சொல்லி நானே எழுதறேன். அந்த ரூமும் உனக்குத்தான்."

அந்த வாரம்தான் அக்காவுக்கும் கப்பல் குறித்துவிட்டார்கள் என்று தோட்டத்திலிருந்து தகவல் வந்திருந்தது. நான் என்ன செய்ய? போய் நின்று கையை நீட்டினேன்.

முதல் நாள் ஒலிபெருக்கி வெடித்த வெடிப்பில் எனக்கே வெட்கமாக இருந்தது. சுட்டி, சோதனைக்காக உட்கார வைத்திருந்த நாற்காலியிலிருந்து ஒரு கையை நீட்டி என் உள்ளங்கையைத் தடவிப் பார்த்தது. விரல் இடுக்கில் தேடியது. கையைத் திருப்பிப் புறங்கையைப் பார்த்தது. பிறகு என் முகத்தைப் பார்த்தது. அதன் பிறகு தினமும் இதே வேலை. தேடுவது குறைந்துகொண்டே வந்தது, படபடப்பும் குறைந்துகொண்டே வந்தது. டாக்டரம்மாவின் காகிதச் சுருளில் பேனா குதிக்கும் உயரமும் இறங்கிக்கொண்டே வந்தது. அவர் அதைச் சந்தோஷமாகப் பார்த்தார், பார்க்கத்தானே செய்வார், அது அவர் படிப்பு. எனக்கோ ஒவ்வொரு தடவை கையை நீட்டும்போதும் பிரட்டுக்களத்தில் ஏறி நின்ற அந்தக் கோட்டுக்காரன் நினைவுதான் வந்தது. அந்த ஆளுக்காவது தான் செய்வது என்னவென்று தெரியாமல் இருந்திருக்கலாம். எனக்கு ஒலிபெருக்கியில் கேட்டது.

ஒருநாள் நீட்டினேன். சுட்டி பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் ஒன்று, சற்று நின்று இன்னொன்று. "நல்லாக் கத்துக்கிச்சு" என்றார் டாக்டரம்மா.

"கத்துக்கலைங்கம்மா. நம்மளக் கைவிட்டுருச்சு" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. "இனி நான் கை நீட்ட மாட்டேன். வேலைய விட்டுத் தூக்குனாலும் சரி."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பேனாவை மூடிக்கொண்டே, "தேவையில்ல முருகையா. அது அடங்கிடுச்சு, எனக்கு வேண்டியது கிடைச்சிடுச்சு" என்றார். நான் முடியாது என்று சொன்ன வேலை அதற்குள் முடிந்தே போயிருந்தது. என் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அதைப் பார்த்து அவருக்கும் ஏதோ போல ஆகியிருக்க வேண்டும். "கவலப்படாத. திரும்பக் குடு, திரும்ப வரும். இரண்டாந்தடவை கத்துக்கிறது சுலபம். முதல்ல கத்துக்கிட்டது உள்ள எங்கேயோ இருக்கும்" என்றார். அது பொய்யில்லை. மறுநாள் கருப்பட்டியோடு போனேன். முதல் துண்டைச் சுட்டி தொடவில்லை. மூன்றாவதோ நான்காவதோ துண்டைப் பிடுங்கித் தின்றது. அந்த வாரம் முடிவதற்குள் என் செருப்புச் சத்தத்துக்கே கூண்டுக் கம்பியைப் பிடித்துக் குதித்தது. டாக்டரம்மா சொன்ன சொல்லையும் காப்பாற்றினார். வேலை நிரந்தரமாயிற்று, அறைச் சாவியும் கைக்கு வந்தது.

மண்டபத்துக்குப் போனேன். கப்பலில் வந்தவர்களை வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். ஓர் அதிகாரி, தாய்நாட்டுக்கு வந்துவிட்டீர்கள், இனி உங்களுக்கு ஒரு குறையும் இருக்காது என்று பேசிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷராகத்தான் தெரிந்தார், உண்மையாகவே நம்பிச் சொல்லியிருக்கவும் கூடும். அக்கா வரிசையின் கடைசியில், தென்னைநார்க் கொச்சைக் கயிற்றால் கட்டிய மூட்டை மேல் உட்கார்ந்து, மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். அந்த வருடங்களில் தோட்டங்களில் மாவுக்கும் அரிசிக்கும் பட்ட பாட்டை, அங்கே இருந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் முறை வந்தபோது சொந்த ஊர் எது என்று கேட்டார்கள். "பலாபத்வல" என்றார். அது இல்லம்மா, இந்தியாவில் எது என்றார்கள். அக்கா என்னைப் பார்த்தார். எனக்கும் அப்பா சொன்ன ஏதோ ஓர் ஊர்ப் பெயர் மட்டும்தான் தெரியும், அதைச் சொன்னேன். அவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

ரயிலில் வரும் வழியெல்லாம் நான்தான் பேசினேன். அறை இருக்கு அக்கா, சிமெந்துத் தரை, ஜன்னல் இருக்கு, தண்ணிக் குழாய் வாசல்லயே இருக்கு, வேலை நிரந்தரம், யாரும் நம்மைக் கிளப்ப முடியாது. அக்கா "ம்" என்றார். ஜன்னல் வழியே பனை மரங்கள் ஓடின. அறைக்கு வந்து கதவைத் திறந்து காட்டினேன். சுற்றிப் பார்த்துவிட்டு மூட்டையைச் சுவரோரம் வைத்தார். பிறகு விளக்குமாறு எங்கே என்று கேட்டார்.

அக்கா வந்து பல மாதங்கள் ஆகின்றன. பெருக்குகிறார், சமைக்கிறார், பக்கத்து அறைப் பிள்ளைகளுக்குத் தலைவாரி விடுகிறார். ஆனால் மூட்டை இன்னும் மூட்டையாகத்தான் இருக்கிறது. காலையில் கயிற்றை அவிழ்த்து ஒரு சேலையை எடுத்துக்கொண்டு மறுபடி கட்டுகிறார். துவைத்துக் காய்ந்ததும் அவிழ்த்து உள்ளே வைத்துக் கட்டுகிறார். ஒரு தகரப் பெட்டி வாங்கி வந்தேன், அதில் அரிசி போட்டு வைத்திருக்கிறார். முதலில் எனக்கு எரிச்சல் வந்தது. நான்தான் வாங்கித் தந்துவிட்டேனே, இன்னும் என்ன என்று ஒருநாள் கத்தியும்விட்டேன். அவர் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டார். குரங்குக்கு ஒரு வாரத்தில் திரும்ப வந்தது. அதற்குக் கொடுக்க வேண்டியது ஒரு துண்டுக் கருப்பட்டி, அது என் பையில் இருந்தது. அக்காவுக்கு எதைக் கொடுத்துத் திரும்பக் கொண்டுவருவது? அவர் வாழ்க்கையில் பாதி நாள் சாறில்லாமல் விளக்கை மட்டும் எரித்துக் காட்டி, அவரை அடங்க வைத்தவர்கள் யாராவது வந்து பதில் சொல்லட்டும். மாத்தளையில் இன்னும் மனுவோடு காத்திருக்கும் நீங்களும், நூல் ஆலைகளில் சிதறிக் கிடக்கும் நீங்களும் இதைப் படித்தால், நான் யாரைக் கேட்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

நேற்று பக்கத்து அறைக்காரம்மா சாம்பார் கொண்டுவந்தார். சுவரோரம் கட்டியிருந்த மூட்டையைப் பார்த்துவிட்டு, "உங்கக்கா எப்ப ஊருக்குக் கிளம்புறாங்க?" என்று என்னிடம் கேட்டார். எந்த ஊருக்கு என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள், அடுப்படியிலிருந்து அக்கா தலையைத் திருப்பாமலே சொன்னார்.

"அவுங்க சொல்றப்ப."